தேர்வுக்கான காரணம்

காலை ஒன்பதரைக்கு மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு நேர்முக அறையின் மூலை நாற்காலியில் உட்காருவேன். கேள்வி கேட்பது தேர்வி என்ற இயந்திரம். நான் வாயைத் திறக்கக் கூடாது. வந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அதற்குத்தான் சம்பளம்.

முன்பெல்லாம் ஆள் எடுத்தது நான்தான். தேர்வி வந்ததும் என் பன்னிரண்டு வருடக் கோப்புகளைக் கிண்டிப் பார்த்தது. 'திமிர் அதிகம்', 'ஒத்துவராது' என்று எழுதி நான் ஒதுக்கியவர்களெல்லாம் வேறு கம்பெனிகளில் கொடிகட்டிப் பறந்தார்கள். எங்கள் பிரிவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "உங்க பொறாமைக்கு ஈடா ஒரு கருவியும் இல்லம்மா," என்றார் மேலாளர் பெனடிக்ட், பாராட்டாகவே. யாரைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறதோ, அவருக்கு வேலை. எவ்வளவு எரிகிறது என்று பட்டை அளந்து சொல்லும்.

இதை வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

எட்டு மாதமாக வேலையில்லாமல் என்னுடன் இருக்கும் தங்கை வான்மதி எங்களிடமே விண்ணப்பித்தாள். "நீ உள்ளதானே இருப்ப? பாத்துக்கக்கா," என்றாள். கூடப் பிறந்தவளைப் பார்த்து எப்படிப் பொறாமை வரும்? என்னாலேயே இவளுக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமே.

"நீங்கள் செய்த பெரிய தவறு எது?" என்று கேட்டது தேர்வி.

"ஐநூறு பேருக்குத் தப்பான தேதி போட்டு அழைப்பு அனுப்பிட்டேன்," என்று சிரித்தாள் வான்மதி. "ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அதுல நாலு பேர் இப்ப ஃப்ரெண்ட்ஸ்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெனடிக்ட் விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பாவும் இப்படித்தான் சிரிப்பார். சின்ன வயதில் வான்மதி எதையாவது உடைத்துவிட்டு "நான்தான்ப்பா" என்று வந்து நிற்பாள்; அவளைத் தூக்கிக்கொள்வார். நான் எதையும் உடைத்ததில்லை. என்னை யாரும் தூக்கியதுமில்லை. மணிக்கட்டில் பட்டை சுட்டது.

மாலையே நியமன ஆணை வந்துவிட்டது. காரணம் சொல்லாமல் இயந்திரம் யாரையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். மற்றவர்கள் ஆணையின் கடைசி வரியில் இருக்கும் அந்தக் காரணத்தைப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு நான் யாரோ. வான்மதி கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தாள்.

"தேர்வுக்கான காரணம்: பொறாமை அளவு 97. உணர்ந்தவர்: இரா. பொன்னெழில்."

என் பெயரை இன்னொரு முறை, மெதுவாகப் படித்தாள்.

"தொண்ணூத்தேழுன்னா நிறையவாக்கா?"

இதுவரை யாரும் எழுபதைத் தாண்டியதில்லை. "வேலை கிடைச்சிருச்சுல்ல, விடு," என்றேன்.

அவள் ஆணையை மடித்து வைத்தாள். "கொஞ்ச நாள்ல தனியா வீடு பாத்துக்கறேன். நீயும் பாவம், எத்தன வருஷமா இத உள்ளயே வச்சிருந்தியோ," என்றாள். குரலில் துளிக் கோபம் இல்லை.

அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.