முட்டிச் சில்லு

ஜீவானந்தத்தின் கார் புதுச்சத்திரத்துத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவன் சேலத்தில் எலும்பு டாக்டர். சாரதாமணிக்கு உடன்பிறந்த தம்பி. அவளுடைய கணவர் சென்னிமலையை முந்தின நாள்தான் எரித்திருந்தார்கள். அன்று காலை பொறுக்கிய எலும்புகள் கிணற்றோரத்து மோட்டார் ரூமில், மண் கலயத்தில் இருந்தன. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விடிந்ததும் காவிரியில் கரைக்க வேண்டும்.

"மச்சான ஒருதடவ பாத்துட்டு வாரனுங்கக்கா."

"போ சாமி," என்றவள், சற்றுப் பொறுத்து அவன் பின்னாலேயே நடந்தாள்.

அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. போர்வெல் தோண்டும் ரிக் லாரி ஓட்டிய சென்னிமலைக்குப் போன வருடம் முட்டிச் சில்லு இரண்டாக உடைந்தது. ஜீவானந்தம்தான் ஆபரேஷன் செய்தான். ஸ்குரு போட்டு முடுக்கியிருப்பதாகச் சொன்னான். அதை நம்பித்தான் அவர் மறுபடி வண்டி ஏறினார். லாரியிலிருந்து இறங்கும்போது முட்டி விட்டுப்போய்த் தலைகுப்புற விழுந்து உயிரை விட்டார்.

சாம்பலில் ஸ்குரு ஒன்றுகூட இல்லை.

சில்லு மட்டும் முழுசாகக் கிடந்தது. உயிரோடு இருந்தபோது விட்டுப்போனது, தீயில் ஒட்டியிருந்தது.

மோட்டார் ரூமுக்குள் இருட்டு. பழைய கிரீஸும் ஈரச் சுவரும் கலந்த வாடை. ஜீவானந்தம் குந்தி உட்கார்ந்து, கலயத்துக்குள் கையை விட்டிருந்தான்.

"என்ன சாமி தேடுற?"

அவன் திரும்பவில்லை.

"அக்கா... கைய எடுக்க முடியலீங்க."

உள்ளே எலும்புகள் மெல்ல உரசின.

கலயம் அசையவே இல்லை.

"மச்சானுக்கு என்னத்த வெச்ச?"

"பசைங்க. எலும்பு ஒட்டறதுக்குப் புதுசா வந்தது. ஆட்டுக்கு நல்லாப் புடிச்சுது. மனுசனுக்கு இன்னும் யாரும் வெச்சதில்லீங்க."

"எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்பீங்க."

ஆபரேஷன் முடிந்த அன்று மச்சானுக்கு இட்லி பிட்டு ஊட்டிவிட்டவன் இவன். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன. அவருகிட்டச் சொல்லு."

அவன் கலயத்தின் வாயருகே குனிந்தான். "மச்சான்... தெரியாமப் பண்ணிட்டனுங்க."

உரசல் நெருங்கிற்று. அவன் பல்லைக் கடித்தான்.

"தெரியாமயா?" என்றாள் சாரதாமணி.

"தெரிஞ்சேதானுங்க."

கை வெளியே வந்தது. வெறுங்கைதான். ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிறவியிலேயே ஒன்றாக இருந்தவைபோல் சேர்ந்திருந்தன.

மறுநாள் மோகனூர்க் காவிரியில் சாரதாமணி எல்லா எலும்பையும் கரைத்தாள். சேலத்தில் வேறொரு டாக்டர் விரல்களை அறுத்துப் பிரித்துவிட்டதாகச் சேதி வந்தது. போகட்டும் என்றிருந்தாள்.

சில நாள் கழித்து, காலையில் போன் வந்தது. ஜீவானந்தம்தான்.

"அக்கா, மறுபடி ஒட்டிக்கிச்சுங்க."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இப்ப நடுவிரலும் சேந்துருக்குதுங்க."