விருந்துப் பந்தலின் மேல் சிவப்புப் புள்ளிகள்

அத்தைக்குக் கல்யாணம் என்றால் யாருக்குத்தான் பள்ளிக்கூடம் நினைவிருக்கும்? அஜிஷா ஆறாம் வகுப்பையே மறந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் புதுப் பந்தலுக்குள் அவள் ஓடிக்கொண்டிருந்தபோது, தோளில் பையோடு ஸ்மைலின் என்கிற அக்கா வேகமாக வந்தார். குவாரி, சுரங்கம் தோண்டிய இடங்களில் நிலத்தை அளப்பது அவருடைய வேலை.

"இங்க யாரு பந்தல் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான். ஏன், நல்லா இல்லியா?" என்று சிரித்தார் அப்பா சுயம்பு. ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். தங்கையின் கல்யாணத்தை ஊரே மெச்ச வேண்டும் என்று ஒரு வருடமாகக் கனவு காண்பவர். சனிக்கிழமை மாலை விருந்து, ஞாயிறு காலை தாலிகட்டு.

அக்கா கைப்பேசியை நீட்டினார். அதில் ஊரின் படம். வீடுகளின் மேல் பச்சைப் புள்ளிகள். பந்தல் நின்ற திடலில் மட்டும் அம்மை போட்டதுபோல ஒரே சிவப்பு.

"இது என்னக்கா?" என்றாள் அஜிஷா.

"வானத்துல ஒரு செயற்கைக்கோள் சுத்துகு மக்கா. பன்னிரண்டு நாளைக்கு ஒருக்க நம்ம ஊருக்கு மேல போவும். போறப்ப ரேடார் அலைய அனுப்பும். அது தரையில பட்டுத் திரும்பி வரும். போன தடவ வந்த அலையையும் இந்தத் தடவ வந்ததையும் வச்சுப் பாத்தா, தரை ஒரு அரிசி மணி கனம் எறங்கியிருந்தாலும் தெரிஞ்சிரும். பச்சைன்னா அசையாத தரை. சிவப்புன்னா எறங்குகு."

அஜிஷா சட்டென்று தன் காலைப் பார்த்தாள். அவள் நின்றதும் சிவப்பில்தான்!

அந்தத் திடல் ஒரு காலத்தில் கல்குவாரி. கல்லையெல்லாம் எடுத்த பிறகு குப்பையும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்கள். அதன் மேல்தான் அவள் தினமும் கிரிக்கெட் விளையாடுகிறாள்.

"இப்ப வேகம் கூடிட்டு அண்ணே. இதுல ஆள் கூடப்பிடாது" என்றார் அக்கா.

"அம்புட்டு ஒசரத்துல இருந்து அதுக்கு அரிசி மணி தெரியுதாம். எனக்கு எங் கடை அரிசியில கெடக்க கல்லே தெரிய மாட்டேங்கு!" என்றார் அப்பா. பந்தல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கல்யாணத்துக்கு முந்திப் பந்தலப் பிரிச்சா அபசகுனம். அந்தப் பேச்சே வேண்டாம்."

அக்கா அதிகாரிகளுக்கு ஃபோன் செய்தார். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அவர் திடலைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, தன் ஃபோன் எண்ணை அஜிஷாவிடம் கொடுத்துவிட்டு மனசில்லாமல் போனார். அன்று இரவு நல்ல மழை. விடிந்து பார்த்தால், அந்தக் கயிற்றில் சமையல்காரர்களின் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன!

அஜிஷா அப்பாவிடம் கெஞ்சினாள். "போடி, போய்ப் பூ கட்டு" என்றார். அழுதாள். "கல்யாண வீட்டுல அழப்பிடாது" என்றார். மாலையில் ஊரே அந்தச் சிவப்பின் மேல் உட்கார்ந்து சாப்பிடப்போகிறதே!

அரிசி மணி கனம் அப்பாவின் கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் எது தெரியும்?

அவள் சமையல் செய்யும் நேசம்மாளிடம் ஓடி, ஒரு கிண்ணம் பாயசம் வாங்கினாள். பந்தலின் ஓரத்து மேசையில் இலை போட்டாள்.

"அப்பா, ருசி பாக்க வாருங்க!"

அதற்கு மட்டும் அப்பா உடனே வந்து உட்கார்ந்தார். அந்த ஊரில் பாயசத்தை இலையிலேயே ஊற்றுவார்கள். அஜிஷா ஊற்றினாள். பாயசம் ஒரு நொடிகூட இலையில் நிற்கவில்லை. விறுவிறுவென்று ஓடி அப்பாவின் புது வேட்டியில் விழுந்தது.

"ஏலே டெனிஷ்! என்னலே மேச போட்டிருக்க?"

பந்தல்காரர் டெனிஷ் ஓடிவந்து மேசைக்காலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தார். அஜிஷா இலையில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் அசையாமல் நின்றது.

"சரியாச்சுல்லா?" என்றார் அப்பா.

"கொஞ்சம் இருங்கப்பா."

டெனிஷ் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் மறுபடியும் அதே பக்கம் வழிந்தது. அடுத்த மேசையில் ஊற்றினாள். அங்கேயும் வழிந்தது. டெனிஷ் குனிந்து பார்த்தார். மரத்துண்டு வைத்த இடத்தில் தரையில் ஒரு விரிசல் ஓடியது.

"அண்ணாச்சி, மேச ஆடல்ல. தரைதான் போவுது!"

அப்பாவின் முகம் வெளிறிப்போனது. "எல்லாரும் மெதுவா வெளிய வாருங்க" என்று ஒவ்வொருவராக அனுப்பிவிட்டுக் கடைசியாக அவரும் வந்தார். வெளியே வந்தும் தலையில் கைவைத்து நின்றார். "பந்தலப் பிரிக்கணுமே. கல்யாணம் என்னாவும்?"

"பிரிக்க வேண்டாம்ப்பா" என்றாள் அஜிஷா. "பந்தல் அப்படியே நிக்கட்டும். நாம போயிருவோம்."

அப்பா திகைத்துப்போய் மகளைப் பார்த்தார். இவ்வளவுதானா? இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

"எங்க சர்ச் ஹால் சும்மாத்தான் கெடக்கு. சாவி வாங்கிட்டு வாறேன்" என்று டெனிஷ் கிளம்பினார். அடுப்புகள் வீட்டுக்குப் பின்னால் பாறை மேல் இருந்ததால் சமையல் நிற்கவில்லை. அஜிஷா ஸ்மைலின் அக்காவுக்கு ஃபோன் செய்தாள்.

மாலையில் ஹாலில் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, தடாலென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"எவம்லே இப்பமே வெடி போட்டது?" என்று யாரோ கத்தினார்கள்.

வெடி இல்லை. எல்லாரும் ஓடிப்போய்த் தள்ளி நின்று பார்த்தார்கள். பந்தலைக் காணோம். மேசை, நாற்காலி, வாழைமரம் எதையும் காணோம். இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். ஸ்மைலின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நேசம்மாளின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

அப்பா தரையில் உட்கார்ந்து அஜிஷாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "ஈரக்கொலையே நடுங்குகு மக்ளே" என்றார். அஜிஷாவும் அவரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா ஸ்மைலின் அக்காவை முதல் வரிசையில் உட்காரவைத்துத் தானே பரிமாறினார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஹால் வாசலில் நின்று, போகிறவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டார். அழைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.