மூன்று பூச்சுப் பச்சை

“மறுபடியும் நின்னு போச்சு!”

ஜெனோவா ஸ்பேனரை இரும்புத் தரையில் ஓங்கி எறிந்தாள். காலையிலிருந்து இது ஏழாவது முறை! தூத்துக்குடியிலிருந்து தென்துருவக் கடல் வரை முரண்டு பிடிக்காமல் வந்த கப்பல் என்ஜின், கரை சேரும் நேரத்தில் காலை வாரியது. இரண்டாம் இன்ஜினீயர் என்ற பெயர்தான் மிச்சம்.

ஒரே மைல் தொலைவில் கடலாய்வு மேடை தெரிந்தது. மிதந்து வந்த பனிப்பாளங்கள் இடித்து அதன் ஒரு கால் வளைந்துவிட்டது. மேலே மீட்புக்குக் காத்திருந்த மூன்று பேர், அவர்களில் ஒருவன் அவள் தம்பி அல்வின். “இன்னொரு இடி தாங்காதுக்கா” என்று ரேடியோவில் சொல்லியிருந்தான்.

என்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சினால், கூடவே பனிக்கூழும் ஏறி வடிகட்டியை அடைத்தது. என்ஜின் கொதித்து நின்றது.

“வடிகட்டியைக் கழட்டு பிச்சையா!” என்று உதவியாளை விரட்டினாள்.

“விரலே மரத்துப் போச்சு மேடம். நம்ம ஊர்ல ஜெல்லி மீன் அடைச்சா ஒரு தடவை வழிச்சாப் போதும். இது வழிக்க வழிக்க வருதே!”

மேல்தளத்திலிருந்து கேப்டன் மச்சாடோ போனில் கத்தினார். “ரெண்டு பக்கமும் பனி நெருக்குதும்மா! அரை மணியில கப்பல் சிக்கிரும், சீக்கிரம்!”

“சீக்கிரமாம் சீக்கிரம்!” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “என்ஜின்ல சுட்ட தண்ணியெல்லாம் வீணா கடலுக்குப் போகுது. அதை உறிஞ்சுற வாயிலயே விட்டா பனி கரையாதா?”

“அதுக்குத்தான் அந்தக் குழாயே இருக்கு மேடம். நீங்கதான்...” பிச்சையா அந்தக் குழாயின் பச்சை வால்வைக் காட்டினான்.

அவள்தான்! வெப்பக்கடலில் யாரும் தொடாத வால்வு. புறப்படும் முன் சோதனைக்கு வருபவர் மெச்சட்டுமென்று இறுக மூடி, மூன்று பூச்சுப் பச்சை அடிக்கச் சொன்னவள் அவளேதான்.

“என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!”

சுத்தியலால் பெயின்டைத் தட்டினாள். வால்வுச் சக்கரம் அசையவில்லை. அதில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி இருவரும் தொங்கினார்கள். கையுறை கிழிந்தது. “இழு பிச்சையா, விடாதே!” கிரீச்சென்று சக்கரம் திரும்பியது! வெந்நீர் பாய்ந்தது, கூழ் கரைந்தது. என்ஜின் உறுமியது, இந்த முறை நிற்கவில்லை.

கப்பல் பின்வாங்கி மோதியது. பாளம் விரிசல் கண்டது. மூன்றாம் மோதலில் வழிவிட்டது!

மேடையிலிருந்து கயிற்றேணியில் கடைசியாக இறங்கிய அல்வின் அவளைக் கட்டிக்கொண்டான். “ஏன்க்கா இவ்வளவு நேரம்? பனியா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மனம் கேட்கவில்லை.

“இல்லடா, நான் அடிச்ச பெயின்டு.”

கப்பல் வடக்கே திரும்பியபோது, அந்த வால்வில் மிச்சமிருந்த பச்சையை அவளே உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள்.