கோடு வரையும் கேசட்

சமன்பாட்டை அவள் இன்னும் தட்டவே இல்லை. அதற்குள் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடத் தொடங்கிவிட்டது.

கணக்கு டீச்சர் விரலை விசையிலிருந்து எடுத்தாள். முப்பது நாற்பது வருஷத்துப் பழைய வீட்டுக் கணினி அது. விசைப்பலகைக்குள்ளேயே மொத்த எந்திரமும் அடக்கம், படம் தெரிய ஒரு டி.வி.யும் புரோகிராம் ஏற்ற ஒரு டேப் ரெக்கார்டரும் வேண்டும். பள்ளிக் கண்காட்சியில் வைத்து, அந்தக் காலத்தில் வரைபடம் இப்படித்தான் போட்டார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டாள். எந்திரம் சுலபமாகக் கிடைத்தது. வரைபடம் போடும் மென்பொருள்தான் மூன்று மாதம் அவளை நாயாய்ப் பேயாய் அலையவிட்டது. போன வாரம்தான் ஒரு என்ஜினியரின் மனைவி, பழைய சாமான்களுக்கு அடியிலிருந்து இந்தக் கேசட்டை எடுத்துக் கொடுத்தாள்.

“எங்க வீட்டுக்காரர் எழுதுன புரோகிராம். அவர் போனதுக்கப்புறம் யாரும் போட்டுப் பாக்கல,” என்றவள், கொடுத்த கையை உடுப்பில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

பகல் மூன்று மணி. சூடேறிய டி.வி.யிலிருந்து பொசுங்கிய தூசியின் வாசனையும், அடுத்த அறையிலிருந்து பச்சை மரத்தூளின் வாசனையும் ஒன்றாய்க் கலந்து வந்தன. அங்கே அண்ணன் கண்காட்சி மேஜைக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். கரக், கரக் என்று ரம்பம் போய் வந்தது. திரையில் கோடும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. டேப் ரெக்கார்டரின் மைக் சத்தத்தைப் பிடிக்கிறதாக்கும் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பிறகுதான் வரிசையைக் கவனித்தாள். முதலில் கோடு ஏறியது. அதற்கு அப்புறம்தான் சத்தம் வந்தது.

மறுபடியும் பார்த்தாள். கோடு. சத்தம். கோடு. சத்தம்.

மேடுகள் உயர்ந்துகொண்டே போயின. ரம்பத்தின் ஒலி தடித்து, ஈரமாகி, மரத்தின் ஒலியாக இல்லாமல் போயிற்று.

“அண்ணா, கொஞ்சம் நிறுத்தேன்.”

“முடியல பாப்பா.” நாற்பது வயதானவளை இன்னும் அப்படித்தான் கூப்பிடுவான். குரல் சாதாரணமாக இருந்தது. “கை நிக்க மாட்டேங்குது.”

ஓடினாள்.

பலகை எப்போதோ இரண்டாகி விழுந்து கிடந்தது. ரம்பம் அவன் தொடைக்குள் இருந்தது. மரத்தூள் சிவந்து, கூழாகி, அவள் பாதத்தில் அப்பியது. அவன் முகம் வெளுத்து வியர்த்திருந்தது; தன் கையையே யாரோ ஒருவனின் கையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அது அவளையும் சேர்த்து இழுத்தது. முன்னே. பின்னே. எலும்பில் பற்கள் சிக்கித் தாண்டின.

“அதை நிறுத்து பாப்பா,” என்றான். “என்னை இல்ல. அதை.”

தரையில் கிடந்த உளியை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். கோடு நிற்கவில்லை. ரம்பமும் நிற்கவில்லை. இரண்டு கையாலும் உளியைப் பிடித்துத் திரையில் பாய்ச்சினாள். கண்ணாடி வெடித்து முகத்தில் தெறித்தது.

திரை இருண்டது.

ரம்பம் நின்றது. அடுத்த அறையில் கனமாக ஏதோ விழுந்தது.

“அண்ணா?”

“அண்ணா.”

உடைந்த பெட்டியின் கறுத்த வாய்க்குள், சட்டத்தில் ஒட்டி நின்ற கண்ணாடித் துண்டின் இடது ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது. அது நீண்டது. மெதுவாக மேலே ஏறியது.

உளியை விடாமல் பிடித்திருந்த அவள் வலது கையும் ஏறியது.

இடது கையால் பிடித்து அமுக்கினாள். நகம் பதிய அமுக்கினாள். ஏறியது. நெஞ்சு. கழுத்து. கன்னம். காலைக் கதவுப்பக்கம் ஓடச் சொன்னாள்; அது கேட்கவில்லை.

உச்சியில் கோடு நின்றது. உளியின் குளிர்ச்சி இமைமயிரில் பட்டது.

பிறகு கோடு வளைந்து, இறங்கத் தொடங்கியது.