மூடினால்தான் போகும் பெட்டி

கம்ப்யூட்டர் ஆசிரியர் சங்கரலிங்கம் ஒற்றை விரலில் டைப் அடிப்பார். ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள், சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் இறங்கிவிடும். இதில் கொஞ்சமும் மிகையில்லை. நெய்வேலியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டும்போது கீபோர்டைத்தான் பார்ப்பார். திரைப் பக்கம் தலை நிமிர்வது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

அதனால்தான் 2003-இல் வம்பு வந்தது. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் அனுப்ப வேண்டிய நாளில், நினைவூட்டும் புரோகிராம் திரையின் மூலையில் ஒரு குட்டிப் பெட்டியைக் காட்டியது. ஐந்து விநாடி இருந்தது, மறைந்துவிட்டது. சார் அப்போது ‘ழ’வைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வருடம் பள்ளியிலிருந்து யாருமே போகவில்லை.

அடுத்த வருடம் ஏழாம் வகுப்பு ஜெனிஷாவும் அவள் நண்பன் செங்குட்டுவனும் சைக்கிள் ரிம்மில் கொட்டாங்குச்சிகளைக் கட்டி, மண் வெட்டும் எந்திரத்தின் மாதிரி ஒன்று செய்தார்கள். அதைச் சுழற்றிப் பார்த்த அன்று பள்ளித் தோட்டத்தில் பாதியைக் காணோம்.

கண்காட்சிப் பட்டியலைத் தலைமையாசிரியை முடிவு செய்வதே வெள்ளி மதியம். ஈமெயில் அனுப்பக் கடைசி நாளும் அன்றைக்கே. இன்டர்நெட்டுக்கு வேண்டிய ஆபீஸ் டெலிபோன் லைன் கம்ப்யூட்டர் அறைக்குக் கிடைப்பது மூன்றிலிருந்து நான்கு மணிவரை மட்டும். அதே நேரம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை!

“சார், மறந்துடாதீங்க சார்,” என்றாள் ஜெனிஷா.

“எப்படிம்மா மறப்பேன்? அதான் பெட்டி வருமே!”

“வந்துட்டு உடனே போயிடுமே சார்,” என்றான் செங்குட்டுவன்.

“என்கிட்ட சொல்லாமப் போறது அதோட தப்பு!”

அன்று ஜெனிஷாவின் அப்பா இருதயசாமி குவார்ட்டர்ஸுக்குத் தாமதமாக வந்தார். சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன்.

“ரிப்பேர் பண்றோம்னு ஸ்விட்சுல சிவப்பு அட்டை மாட்டின ஆளு, டீ குடிக்கப் போயிட்டாரு. மாட்டினவருதான் கழட்டணும். மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. ஒரு மணி நேரம் சும்மா நின்னுக்கினு இருந்தோம்!”

ஜெனிஷா வாயில் வைத்த தோசையை மெல்ல மறந்தாள். “கையால எடுக்கிறவரைக்கும் அட்டை போகாதாப்பா?”

“தானா எங்கம்மா போகும்? அதுக்குக் காலா இருக்கு?”

மறுநாள் சாரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் புரோகிராமின் செட்டிங்ஸைத் திறந்தாள். ‘எத்தனை விநாடி காட்ட வேண்டும்?’ என்ற இடத்தில் 5 இருந்தது. அதன் கீழே, ‘மூடும்வரை காட்டு’ என்று இன்னொன்று. அதைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டியைச் சிவப்பாக்கி, திரை நடுவில் நிறுத்தினாள்.

சோதித்துப் பார்த்தார்கள். சிவப்புப் பெட்டி கம்பீரமாக வந்து நின்றது. சார் தலை நிமிராமலே ஸ்பேஸ் பட்டையைத் தட்டினார். பெட்டி மூடிக்கொண்டது.

“போச்சு! பார்க்காமலே மூடிட்டாரு!” செங்குட்டுவன் தலையில் கை வைத்தான்.

ஜெனிஷா மறுபடி தேடினாள். ‘கீபோர்டால் மூடலாம்’ என்ற இடத்தில் டிக் இருந்தது. அதை எடுத்துவிட்டாள். இனி மவுஸால் அழுத்தினால்தான் பெட்டி போகும். அதற்குத் திரையைப் பார்த்தே ஆக வேண்டும்!

வெள்ளிக்கிழமை. பரீட்சை நடந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து டொக்... டொக்... என்று சத்தம்.

மூன்று மணிக்குச் சத்தம் மாறியது. டொக், டங். டொக், டங். பெட்டி வந்துவிட்டது! சார் தட்டும் எந்த எழுத்தையும் உள்ளே விடாமல் நிற்கிறது!

மூன்றே கால். டங். மூன்றரை. டங். ஜெனிஷாவுக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை.

மூன்று நாற்பதுக்குச் சாரின் குரல் கேட்டது. “என்ன இது, ஒரு எழுத்துகூட விழல... அடடா!”

அடுத்த நிமிடம் மோடம் கூவியது. கிர்ர்ர்... கீச்ச்ச்... கொய்ங்ங்! இன்டர்நெட் கிடைத்துவிட்டது! பக்கத்து ஊரான வடலூரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததாகக் கேள்வி.

செங்குட்டுவன் துள்ளி எழுந்தான். “வந்துடுச்சு!”

“என்னடா வந்துடுச்சு?” என்றார் பரீட்சை நடத்திக்கொண்டிருந்த சந்திரா டீச்சர்.

“விடை டீச்சர்!”

நான்கு மணிக்குச் சங்கரலிங்கம் சார் வாசலில் வந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்தார்.

“மதியமே அடிச்சு வச்சிருந்த மெயிலை மவுஸாலயே அனுப்பிட்டேன், பெயர் போயிடுச்சும்மா. சேர்த்துக்கிட்டோம்னு பதிலும் வந்துடுச்சு. இப்பவாவது அந்தப் பெட்டியை மூடிக்கலாமா?”

“மூடிக்கோங்க சார்,” என்று பெரிய மனசோடு அனுமதி கொடுத்தாள் ஜெனிஷா.