ஒத்திகைக்கு மட்டும்

விருது விழா அன்று மதியம் இரண்டு மணிக்கு அரங்கத்தின் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். நாடகங்களுக்கும் இசை நாடகங்களுக்கும் வருடா வருடம் விருது கொடுக்கிற விழா. பதினாறு வருடமாக மேடைப் பொறுப்பு எனக்குத்தான். யார் எந்தப் பக்கம் ஏறணும், எந்தப் பக்கம் இறங்கணும், எல்லாம் என் தலையில்தான் விடியும். அதனால் அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மதியம் ஒத்திகை. ஜெயித்தவர் இருக்கையை விட்டு எழுந்து, ஐந்து படி ஏறி, விருதை வாங்கி, நாற்பத்தைந்து விநாடி பேசி முடிக்கும்வரை ஃபோகஸ் லைட் அவர் பின்னாலேயே போக வேண்டும். அதைப் பழக யாரையாவது கூப்பிட்டாக வேண்டுமே? போட்டியில் இருப்பவர் பெயரைப் படித்தால் விருது கைநழுவிப் போகும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். ஆகவே செத்துப்போன கலைஞர்களின் பெயர்களைப் படிப்போம். அவர்கள் என்ன, எழுந்து வந்து சண்டையா போடப் போகிறார்கள்? ஒரு நடனக்காரப் பெண் அவர்களுக்குப் பதிலாக நடந்து காட்டுவாள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. பெயருக்கு முன்னால் "ஒத்திகைக்கு மட்டும்" என்று சொல்லியே தீர வேண்டும். ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நான்காவது வரிசையில் என் தங்கை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறந்த நடிகைக்கான போட்டியில் இருக்கிறாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது நான்தான். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவளைப் போட்டிக்குக் கொண்டுவந்தது அவளுக்கு வந்த வேடம் இல்லை. எங்கள் மூத்த நடிகை கிராம்பக்கா ஆட வேண்டியது. தொண்டைக்கு நல்லது என்று எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். முதல் காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தூக்கத்திலேயே போய்விட்டாள். அவள் உடைகளைப் பிடித்துத் தைத்து என் தங்கைக்குப் போட்டோம். ஐந்து தடவை போட்டிக்கு வந்து ஐந்து தடவையும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவள் கிராம்பக்கா. மேடை மணியை அடிப்பது நான் என்பதால் எனக்கு 'டிங்டாங்' என்று பெயர் வைத்திருந்தாள். என் மானம் போகக்கூடாது என்று காதோடுதான் கூப்பிடுவாள், வேறு ஒரு ஆளுக்கும் தெரியாது.

"ஒரே ஒரு தடவை என் பேரைக் கூப்பிடு டிங்டாங். எங்க இருந்தாலும் எழுந்து வந்துடறேன்" என்பாள்.

பதினாலு பெயரை ஒழுங்காகப் படித்தேன். கடைசி விருதுக்கு வந்தபோது நடனக்காரப் பெண்ணைக் காணோம், டீ குடிக்கப் போய்விட்டாளாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிய வேகத்திலேயே "சிறந்த நடிகை" என்று சொல்லி, கிராம்பக்காவின் பெயரைப் படித்துவிட்டேன்.

முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

ஆனைக்கும் அடி சறுக்கும். எனக்கு அன்றைக்குச் சறுக்கியது.

லைட் நகர்ந்தது. நான்காவது வரிசையில், என் தங்கைக்குப் பக்கத்துக் காலி இருக்கையில் போய் விழுந்தது. பிறகு மெதுவாக நடைபாதைக்கு வந்தது.

"யாரைய்யா ஃபாலோ பண்றே?" என்று ஹெட்செட்டில் கேட்டேன்.

"அதான் வர்றாங்களே மேடம்" என்றார் மாடியிலிருந்து லைட்காரர். "புது ஆளா? நல்லா நடக்கறாங்க."

வெளிச்சத்துக்குள் யாரும் இல்லை.

மூன்றாவது படி கிறீச்சிட்டது. ஆள் ஏறினால் மட்டும்தான் அந்தப் படி கத்தும்.

கிராம்பு வாசனை வந்தது.

திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. நாற்பத்தைந்து. நாற்பத்து நாலு. அதன் பட்டன் என் மேஜையில் இருக்கிறது. என் கை அதன்மேல் இல்லை. மைக்கில் யாரோ பாட்டு எடுக்கப்போகிற மாதிரி ஆழமாக மூச்சை இழுத்தார்கள்.

"ஒத்திகைக்கு மட்டும்!" என்று கத்தினேன். "ஐயோ, இது ஒத்திகைக்கு மட்டும்!"

கடிகாரம் பதினொன்றில் நின்றது.

தங்கை ஓடி வந்தாள். "என்னக்கா ஆச்சு?"

"நீ வீட்டுக்குப் போயிடு. இன்னைக்கு மேடை ஏற வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு? எட்டு வருஷமா இதுக்குத்தானே காத்திருக்கேன்!"

"உன் கால்ல விழறேன்டி."

அவள் என்னையே பார்த்தாள். "உனக்கு என் மேல பொறாமை, அக்கா" என்றாள்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். எப்படியாவது இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் அவளை அங்கேயே இருக்கவிட்டேன்.

சாயங்காலம் அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. கடைசி விருதுக்கு என் தங்கையின் பெயரைத்தான் படித்தார்கள். சிரித்துக்கொண்டே படியேறினாள்.

மூன்றாவது படி இரண்டு தடவை கிறீச்சிட்டது.

நான் பட்டனை அழுத்தினேன். மற்றவர்களுக்கெல்லாம் நாற்பத்தைந்திலிருந்து ஓடிய கடிகாரம் இப்போது பதினொன்றிலிருந்து ஓடியது.

"எங்க அக்கா இல்லைன்னா நான்..." என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்ததும் ஆழமாக மூச்சை இழுத்தாள். மதியம் கேட்ட அதே மூச்சு. பிறகு நாடகத்தின் முதல் பாட்டைப் பாடினாள். அவ்வளவு கனத்த குரல் அவளுக்குக் கிடையாது. சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. எனக்குக் கை வரவில்லை.

வீட்டுக்குக் காரை நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் விருதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என் தங்கைக்குக் கிராம்பு என்றாலே குமட்டும், பல்வலிக்குக்கூட வைக்கமாட்டாள். இப்போது அவள் கன்னத்துக்குள் ஏதோ ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது.

"பசிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என் காதருகில் குனிந்தாள்.

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி, டிங்டாங்."

காரை ஓரமாக நிறுத்தினேன். பின்சீட்டில் என் பை கிடந்தது. அதற்குள் ஹெட்செட். அரங்கத்திலிருந்து கிளம்பும்போதே அணைத்துத்தான் வைத்தேன்.

அதிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அக்கா... எல்லாரும் போயிட்டாங்களா? லைட்டைப் போடுக்கா. இங்க ரொம்ப இருட்டா இருக்கு."