மூன்றாவது இழுப்பு

அன்று மாலை அப்பா படகைக் கட்டிவிட்டு, மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிற்றைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"பத்திரம்."

"தினமும் இதையேதான் சொல்றீங்க."

"தினமும் பத்திரமா இருக்கணும்ல?"

வீட்டுக்கு நடந்தோம். அப்பாவின் ஒரு செருப்பு மட்டும் நனைந்திருந்தது. அது 'சளக், சளக்' என்றது. நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை அப்பா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளியில் எல்லோரும் என்னிடம் மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார்கள், காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல. விளையாட்டில் நான் தோற்றால்கூட ஜெயித்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பேசாமல் சண்டை போட்டிருக்கலாம். கொஞ்ச நாளில் நானே விளையாடப் போவதை நிறுத்திவிட்டேன். பள்ளி விட்டதும் நேராகப் படகுக்குப் போய், என் பலகையில் உட்கார்ந்துகொள்வேன். எதிரே அப்பாவின் பலகை காலியாக இருக்கும்.

அப்பா அந்தப் படகில்தான் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவார். கைப்பிடியைப் பிடித்து இழுத்துக் கிளப்பும் அதன் இன்ஜின் எப்போதும் மூன்றாவது இழுப்பில்தான் கிளம்பும். "முதல் இழுப்பு அவனை எழுப்ப. ரெண்டாவது அவன் கொட்டாவி விட. மூணாவதுதான் வேலைக்கு" என்பார் அப்பா.

சிவப்புக் கயிற்றின் ஒரு முனை அவர் மணிக்கட்டில் இருக்கும். மறுமுனையில் உள்ள சின்ன வளையத்தை இன்ஜினில் ஒரு பொத்தானுக்கடியில் மாட்டுவார். தப்பித்தவறி அவர் தண்ணீரில் விழுந்தால் வளையம் கழன்று இன்ஜின் நின்றுவிடும். வளையம் மாட்டாவிட்டால், எத்தனை முறை இழுத்தாலும் இன்ஜின் கிளம்பாது.

அம்மாவுக்கு இது தெரியாது. தண்ணீரைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். படகில் ஏறியதே இல்லை.

ஒரு மாதம் கழித்து அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"படகை வித்துடலாம்னு இருக்கேன். நல்ல விலைக்குப் போனா இந்த வீட்டுலயே இருக்கலாம். இல்லேன்னா மாமா ஊருக்குப் போயிடணும்."

கயிறு என் கழுத்தில், சட்டைக்குள்ளே இருந்தது.

படகு வாங்கி விற்பவர் ஒருவர் வந்தார். பளிச்சென்று வெள்ளைச் செருப்பு போட்டிருந்தார். அது நனையாமலிருக்க, கோழி நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். படகில் ஏறி நின்று இன்ஜினை ஐந்து முறை இழுத்தார். சத்தமே இல்லை.

நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கிளம்பாத படகை யார் வாங்குவார்கள்? படகு எங்களிடமே இருக்கும்.

வெள்ளைச் செருப்பு உதட்டைப் பிதுக்கினார். "இன்ஜின் போச்சும்மா. உள்ளே எல்லாம் துருப்பிடிச்சிருக்கும். பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன். உங்களுக்காகத்தான்."

"இவ்வளவு கம்மியா?"

"எந்தக் கடையில வேணா கேட்டுப் பாருங்க. சனிக்கிழமை வண்டியோட வரேன்."

அம்மா வீட்டுக்கு வந்து மாமாவுக்குப் போன் செய்தாள். பிறகு ஒரு பெட்டியை எடுத்து அதில் அப்பாவின் சட்டைகளை மடித்து வைத்தாள்.

இது நான் செய்த வேலை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டேன். கயிற்றைக் கொடுத்தால் படகு போய்விடும். கொடுக்காவிட்டால் படகோடு வீடும் போய்விடும்.

ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. படகு வாங்கி விற்பவருக்கு அந்தக் கயிற்றைப் பற்றித் தெரியாதா?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் படகு பழுது பார்க்கும் கடைகளுக்குத் தனியாகப் போனேன். முதல் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"எங்க படகு கிளம்பல."

"பிஸ்டன் போயிருக்கும். புது இன்ஜின் வாங்கச் சொல்லு உங்கப்பாவை."

நான் வெளியே வந்தேன்.

அடுத்த கடையில் ஒரு இன்ஜினுக்கடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம் சொன்னேன்.

"எங்க படகு கிளம்பல. என்ன ஆகியிருக்கும்?"

"பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றன கால்கள். பிறகு முகம் வெளியே வந்தது. மூக்கின் நுனிவரை கிரீஸ். எல்லோரும் 'கிரீஸ் அக்கா' என்று கூப்பிடும் பெண் அவர். "யாராவது பார்த்தாங்களா?"

"வெள்ளைச் செருப்பு போட்டவர் பார்த்தார். இன்ஜின் போச்சுன்னார்."

"செருப்பு நனைஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப அவர் எங்க பார்த்தாரு? நாளைக்குக் காலையில வரேன், போ."

மறுநாள் அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். அம்மா கரையில் நின்றாள். இன்ஜினை இழுக்கக் கையை நீட்டிய அக்கா, அப்படியே நிறுத்தினார்.

"இங்க மாட்டுற கயிறு எங்க? இது இல்லாம இன்ஜின் கிளம்பாதே. இந்தத் தொழில்ல இருக்கறவங்க முதல்ல பார்க்கறதே இதைத்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சட்டைக்குள்ளிருந்து கயிற்றை எடுத்தேன்.

"அப்பா பத்திரம்னு சொன்னாரும்மா."

அம்மா திட்டவில்லை. என் தலையில் கை வைத்தாள்.

"நீயே மாட்டு, பாப்பா," என்றார் அக்கா.

மாட்டினேன். அக்கா ஒருமுறை இழுத்தார். சத்தமில்லை. மறுபடி இழுத்தார். ஒரு இருமல். மூன்றாவது இழுப்பில் படகு முழுவதும் அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச் செருப்பு வண்டியோடு வந்து சேர்ந்தார்.

"அட, சரி பண்ணிட்டீங்களா?"

"சரி பண்ணல," என்றாள் அம்மா. "எதுவும் கெடவே இல்லையே."

"சரி விடுங்க. இரண்டு மடங்கா தரேன்."

"வேண்டாம்."

"மூணு மடங்கு! இதுக்கு மேல யாரும் தரமாட்டாங்கம்மா."

"யாரும் தராட்டியும் பரவாயில்ல. கயிறு இல்லைன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களுக்கே கொடுத்திருப்பேன்."

அவர் வேகமாகத் திரும்பியதில் ஒரு கால் சேற்றில் புதைந்தது. செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. அக்கா அதை எடுத்து, அலசிக் கொடுத்தார்.

"உங்களுக்கு என்ன கூலி?" என்று அம்மா அக்காவிடம் கேட்டாள்.

"கயிறு மாட்டினது பாப்பா. கூலியை அவகிட்ட கொடுங்க."

அக்கரைக்குத் தபால் பைகளைக் கொண்டுபோகிறவர் ஒரு நல்ல படகு தேடுவதாக அக்கா சொன்னார். அவர் அடுத்த வாரமே வந்தார். அக்கா அவர் எதிரிலேயே இன்ஜினைத் திறந்து காட்டி, தேய்ந்திருந்த ஒரு திருகாணியையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் கொடுத்த விலையில் நாங்கள் வீட்டிலேயே இருக்க முடிந்தது. அம்மா பெட்டியைத் திறந்து அப்பாவின் சட்டைகளை மறுபடி கொடியில் மாட்டினாள்.

கயிற்றை நான்தான் தபால்காரர் கையில் கொடுத்தேன். "பத்திரம்," என்றேன். அவர் உடனே மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை ஜன்னலருகே நின்றேன். என் கழுத்து வெறுமையாக இருந்தது. கரையில் முதல் இழுப்பு, சத்தமில்லை. இரண்டாவது, ஒரு இருமல்.

மூன்றாவதில் படகு கிளம்பியது.